பிச்சைக்காரன் காசில் கட்டிய அரங்கு

1732 டிசம்பர் 7 அன்று லண்டன் கோவன்ட் கார்டனில் புது நாடக அரங்கு ஒன்று திறந்தது. முதலாளி பெயர் ஜான் ரிச். அவ்வளவு பெரிய அரங்கு கட்டும் தெம்பு அவருக்கு வந்தது, ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் மேடையேற்றிய ஒரே ஒரு நாடகத்தால். 'பிச்சைக்காரனின் ஓபரா' என்று அதற்குப் பெயர். எழுதியவர் ஜான் கே. அரங்கு திறப்பதற்குச் சரியாக மூன்று நாள் முன்பு அவர் இறந்துபோயிருந்தார்.

இங்கிலாந்து இசை நாடகத்தின் வரலாற்றைச் சொல்லும்போது வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள். இத்தாலிய ஓபரா (ஓபரா என்றால் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம்) என்ற ஆடம்பர யானை லண்டனில் கொழுத்துத் திரிந்தது, கே என்ற கவிஞர் தெருப்பாட்டு மெட்டுகளை வைத்து ஒரு நாடகம் எழுதினார், யானை சாய்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1735இல் அதே கோவன்ட் கார்டன் மேடையில் என்ன நடந்தது? இசையமைப்பாளர் ஹாண்டெலின் 'அரியோதாந்தே', 'அல்சீனா' என்ற இரண்டு இத்தாலிய ஓபராக்கள் அங்கேதான் முதன்முதலாக அரங்கேறின. செத்துப்போனதாகச் சொல்லப்பட்டது, கொன்றவன் வீட்டிலேயே வந்து பாடிக்கொண்டிருந்தது. அப்படியானால் இந்தக் கதையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இத்தாலிய ஓபரா லண்டனுக்குள் கொஞ்சம் கோணலாகத்தான் நுழைந்தது. 1705இல் ட்ரூரி லேன் அரங்கில் 'அர்சினோ' என்ற ஓபராவை இத்தாலிய பாணியில், ஆனால் ஆங்கிலத்தில், முழுக்கப் பாடினார்கள். அப்புறம் இத்தாலியப் பாடகர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. இங்கிலாந்துப் பாடகர்களுக்கு இத்தாலியன் வராது. சரி, அவரவர் மொழியில் பாடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ராஜா இத்தாலியனில் பேச, அடிமைகள் ஆங்கிலத்தில் பதில் சொன்ன அந்த அழகை ஜோசஃப் அடிசன் 1711இல் தன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் கிண்டல் செய்து தீர்த்தார். பாதி புரிவது அலுத்துப்போய், முழுக்கப் புரியாமல் இருப்பதே மேல் என்று ரசிகர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்பது அவருடைய குத்தல்.

அதே வருடம் பிப்ரவரியில் ஹேமார்க்கெட் அரங்கில் ஹாண்டெலின் 'ரினால்டோ' வந்தது. ஜெர்மனியில் பிறந்து, இத்தாலியில் தொழில் பழகி வந்த இருபத்தாறு வயது இளைஞர் அவர். நாடகத்தில் ஒரு தோட்டக் காட்சிக்கு உயிருள்ள சிட்டுக்குருவிகளைப் பறக்கவிட்டார்கள். தெருவில் ஒருவன் கூண்டு நிறையக் குருவிகளைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாக அடிசன் எழுதுகிறார். எதற்கு என்று கேட்டால், ஓபராவுக்கு என்கிறான். வறுத்துத் தருவார்களா என்று ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டுகிறார். இல்லை, முதல் அங்கத்தின் முடிவில் மேடையில் பறக்க வேண்டுமாம். அடிசனின் கிண்டல் இன்றும் சிரிக்க வைக்கிறது. ஆனால் நான்கு வருடம் முன்பு அவரே எழுதிய 'ரோசமண்ட்' என்ற ஆங்கில ஓபரா மூன்றே நாளில் படுத்துவிட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் அவர் விமர்சனத்தைப் படிக்க வேண்டும்.

இத்தாலிய ஓபராவின் அமைப்பு இப்படி. கதை நகர்வதெல்லாம் வசனத்தையே இழுத்துப் பாடும் பகுதிகளில். பிறகு ஒரு பாத்திரம் முன்னால் வந்து நின்று, தன் கோபத்தையோ காதலையோ முழுநீளப் பாட்டாகப் பாடும். பாட்டின் முதல் பகுதி கடைசியில் மறுபடி வரும். அப்போது பாடகர் தன் கற்பனைக்கு எட்டியபடி சங்கதிகளை அள்ளி வீசுவார். ரசிகர்கள் காசு கொடுத்து வந்ததே அந்தச் சங்கதிகளுக்காகத்தான். கதாநாயகன் பெரும்பாலும் காஸ்ட்ராட்டோ, அதாவது குரல் உடையாமல் இருக்கச் சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்டவர். ஜூலியஸ் சீசரே பெண் குரலின் உயரத்தில் பாடுவார். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

1719இல் பிரபுக்கள் சேர்ந்து இதை ஒரு கூட்டுப் பங்கு நிறுவனமாகவே ஆக்கினார்கள். பெயர் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக். (இன்று லண்டனில் அதே பெயரில் இருக்கும் இசைக் கல்லூரிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) பங்கு ஒன்று 200 பவுண்டு. அரசர் வருடம் 1,000 பவுண்டு கொடுத்தார். ஹாண்டெல், போனோன்சினி, அரியோஸ்தி என்று மூன்று இசையமைப்பாளர்கள். இவர்களில் யார் உயர்த்தி என்று ஊர் இரண்டுபட்டது. ராகம் எது, தாளம் எது என்று தெரியாதவர்கள்கூட இப்போது ஹாண்டெல் பாணி, போனோன்சினி பாணி என்று தினமும் தர்க்கம் பண்ணுகிறார்கள் என்ற கருத்தில் கே 1723இல் தன் நண்பர் ஜோனதன் ஸ்விஃப்டுக்கு அலுப்போடு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்.

பாடகிகளிலும் இரண்டு கட்சி. ஃபிரான்செஸ்கா குட்ஸோனி, ஃபௌஸ்தினா போர்தோனி. 1727 ஜூன் 6 அன்று போனோன்சினியின் ஓபரா ஒன்றில் இருவரும் பாடிக்கொண்டிருந்தபோது, ரசிகர்களின் சீழ்க்கையும் ஊளையும் எல்லை மீறின. இளவரசி கரோலின் அரங்கில் இருந்தும் யாரும் அடங்கவில்லை. பாடகிகள் மேடையிலேயே ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள் என்று துண்டுப் பிரசுரங்கள் எழுதித் தள்ளின. அது வியாபாரத்துக்காக ஏற்றிச் சொன்னதாகவே இருக்கலாம். கூத்தடித்தது ரசிகர்கள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இந்தக் கலாட்டா நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1728 ஜனவரி 29 அன்று, லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் ரிச்சின் பழைய அரங்கில், கந்தலுடை போட்ட ஒரு பிச்சைக்காரன் மேடைக்கு வந்து, நான் ஒரு ஓபரா எழுதியிருக்கிறேன் என்கிறான். உங்கள் பெரிய ஓபராக்களில் வரும் உவமைகளெல்லாம் என்னிடமும் உண்டு: குருவி, விட்டில், தேனீ, கப்பல், பூ. சிறைக் காட்சியும் உண்டு, பெண்கள் உருகிவிடுவார்கள். இரண்டு கதாநாயகிகளுக்கும் பாகத்தை ஒரு குண்டுமணி பிசகாமல் பங்கு வைத்திருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அவன் யாரைச் சொல்கிறான் என்று அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

பிறகு திரை விலகுகிறது. மேஜையில் பெரிய கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பீச்சம் உட்கார்ந்திருக்கிறார். திருட்டுப் பொருளை வாங்கி விற்பவர். தனக்கு லாபம் தராத திருடனைக் காட்டிக்கொடுத்து அரசாங்கத்திடம் 40 பவுண்டு சன்மானம் வாங்குபவரும் அவரே. யாரை இந்த முறை தூக்குக்கு அனுப்பலாம் என்று பேரேட்டைப் பார்த்து முடிவு செய்கிறார். இதில் கற்பனை குறைவுதான். இதே தொழிலை இதே முறையில் நடத்திய ஜொனாதன் வைல்ட் என்ற ஆள் 1725 மே மாதம்தான் டைபர்ன் தூக்குமரத்தில் தொங்கியிருந்தான். பீச்சத்தின் மகள் பாலி, மக்ஹீத் என்ற வழிப்பறிக்காரனை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள். கதை அங்கிருந்து கிளம்பி, நியூகேட் சிறை வழியாகத் தூக்குமேடைப் படிவரை போகிறது.

வசனம் பேச்சாகவே இருக்கும். நடுநடுவே 69 பாட்டு. ஒன்றுக்குக்கூடப் புது மெட்டு கிடையாது. தெருவில் விற்ற பாட்டுத் தாள்கள், நாட்டுப்புற நடன மெட்டுகள், ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பாட்டுகள், இசையமைப்பாளர்கள் பர்செல், ஹாண்டெல் என்று கிடைத்த இடத்திலெல்லாம் எடுத்து, கே தன் வரிகளைப் போட்டார். பழைய பாட்டுப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று தலையில் அச்சடித்திருப்பார்களே, அதே ஏற்பாடு. இந்த வகைக்குத்தான் பாலட் ஓபரா என்று பெயர் வந்தது (பாலட் என்றால் தெருவில் பாடும் கதைப்பாட்டு). முன்னுரை இசையை எழுதி, மெட்டுகளுக்கு அடித்தளம் அமைத்தவர் யோஹான் கிறிஸ்டோஃப் பெபுஷ். பெர்லின்காரர். ஆங்கில மண்ணின் இசை என்று கொண்டாடப்பட்ட நாடகத்துக்கு இசை அமைத்தவரும் ஜெர்மானியர்தான்.

மெட்டை இரவல் வாங்கியது சிக்கனத்துக்காக என்று நினைத்தால் அதன் சூட்சுமம் பிடிபடாது. இரண்டு இடத்தை மட்டும் பார்ப்போம்.

ஹாண்டெலின் 'ரினால்டோ'வில் சிலுவைப்போர்ப் படை அணிவகுத்துப் போகும்போது கம்பீரமான ஒரு படைநடை இசை (மார்ச்) ஒலிக்கும். கே அதை எடுத்து, நியூகேட் பக்கத்துச் சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கும் திருடர் கூட்டத்தின் வாயில் வைத்தார். துப்பாக்கியில் குண்டு போட்டபடி பாடுகிறார்கள்: வண்டிச் சத்தம் கேட்கிறது, கிளம்புங்கடா; ரசவாதிகள் கழுதைகளாக உழைக்கட்டும், நம் நெருப்பு ஈயத்தைத் தங்கமாக்கும். மெட்டு அதேதான். புனிதப்போர் வழிப்பறியாகிவிட்டது. ஓபரா பார்த்த பிரபுவுக்கு ஒரு சிரிப்பு. பார்க்காத மாடி ரசிகனுக்கு அது வெறும் நல்ல பாட்டு. இருவருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாவது இடம் நேர் எதிர். முதல் நாள் நாடகத்தின் கதி வெகுநேரம் சந்தேகமாகவே இருந்தது என்று நடிகர் குவின் பின்னாளில் சொன்னதை எழுத்தாளர் பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். நாடகம் பிழைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது பாலியாக நடித்த லவீனியா ஃபென்டன் தன் பெற்றோர் முன் நின்று பாடுகிறாள்: என்னவனைத் தொங்கவிடும் கயிற்றில்தான் இந்தப் பாலியின் உயிரும் தொங்குகிறது. அந்த இடத்தில் அரங்கு உருகியது, நாடகம் தப்பியது. பாட்டின் மெட்டு எது? காட்டில் கைவிடப்பட்டு இறந்துபோகும் இரண்டு குழந்தைகளைப் பற்றிய பழைய கதைப்பாட்டு. அங்கே இருந்தவர்களில் பலர் அதைச் சின்ன வயதில் கேட்டு அழுதிருப்பார்கள். இரக்கம் கேயின் வரிகளுக்கு முன்பே மெட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. எனக்கு இதுதான் பாலட் ஓபராவின் உண்மையான கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. புது மெட்டுக்கு நினைவு கிடையாது. பழைய மெட்டு ஒரு பழைய கதையையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். புது வரி அதோடு ஒத்துப்போனால் கண்ணீர், மோதினால் சிரிப்பு.

முடிவில் மக்ஹீத் தூக்குக்குப் போகவேண்டியவன். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றால் டைபர்ன் மரத்தில் இன்னும் மேலான ஆட்களின் துணை கிடைத்திருக்குமே என்று 'கிரீன்ஸ்லீவ்ஸ்' மெட்டில் பாடுகிறான். உடனே ஒரு நடிகர் குறுக்கே வந்து, ஓபரா சுபமாகத்தான் முடியவேண்டும் என்று தகராறு செய்கிறார். சரி, இந்த மாதிரி நாடகத்தில் எது எப்படி நடந்தால் என்ன என்று பிச்சைக்காரன் தோளைக் குலுக்கி, மன்னிப்பு வந்துவிட்டதாகக் கூவச் சொல்கிறான். மக்ஹீத் பிழைத்துவிடுகிறான்.

முதல் பருவத்திலேயே 62 முறை நடந்தது. அந்தக் காலத்தில் கேள்விப்படாத எண்ணிக்கை. கேயை ரிச்சாக்கியது, ரிச்சைக் கே ஆக்கியது என்று லண்டனில் ஒரு சிலேடை உலாவியது (ரிச் என்றால் பணக்காரன், கே என்றால் அப்போது குஷியானவன்). கேயின் பங்கு ஏறக்குறைய 700 பவுண்டு, ரிச்சின் பங்கு அதைப்போல் பல மடங்கு. பாட்டுகளைப் பெண்களின் விசிறிகளில் அச்சடித்தார்கள். வாரம் 15 ஷில்லிங் சம்பளத்துக்குச் சேர்ந்த லவீனியாவுக்கு 30 ஆக்கினார்கள். அவர் அந்தப் பருவத்தோடு மேடையை விட்டு போல்ட்டன் பிரபுவோடு போய்விட்டார்; பின்னாளில் அவரைக் கைப்பிடித்து டச்சஸ் ஆனார். அதே நேரத்தில், இத்தாலிய ஓபரா நடந்த ஹேமார்க்கெட்டின் பெரிய பாடகர்கள் ஒரு பருவத்துக்கு வாங்கிய தொகை ஆயிரம் பவுண்டைத் தாண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் 'யானை சாய்ந்த' கதை பிறக்கிறது. ராயல் அகாடமி 1728 ஜூன் மாதம் கடைசி ஓபராவைப் போட்டுவிட்டு மூடியது. அடுத்த வருடமே கவிஞர் அலெக்சாண்டர் போப் தன் 'டன்சியட்' நூலுக்கு எழுதிய குறிப்பில், பத்து வருடம் ஆட்டிப்படைத்த இத்தாலிய ஓபராவைக் கேயின் பேனா ஒரே வீச்சில் வீழ்த்தியதாக எழுதினார். போப் கேயின் நெருங்கிய நண்பர். நண்பர்கள் எழுதும் விளம்பரத்தை இருநூற்றுச் சொச்சம் வருடமாக வரலாறாகப் படித்து வந்திருக்கிறோம்.

அகாடமி அதற்கு முன்பே நோயாளி. பங்குதாரர்கள் போட்ட பணம் கரைந்துவிட்டது, பாடகர் சம்பளம் ஏறிக்கொண்டே போனது, கட்சிச் சண்டையில் மரியாதையும் போனது. போட்டி அதற்கு நல்லது செய்திருக்காதுதான். ஆனால் ஹேமார்க்கெட்டில் ஒரு நல்ல இடத்துக்கு அரை கினி, அதாவது 10 ஷில்லிங் 6 பென்ஸ். ரிச்சின் மேல்மாடியில் ஓரிரு ஷில்லிங்கில் உட்கார்ந்துவிடலாம். அந்த மாடி ரசிகன் ஹேமார்க்கெட்டிலிருந்து பிடுங்கப்பட்டவன் இல்லை, அங்கே போயே இராதவன். 1729 டிசம்பரிலேயே ஹாண்டெல் புதுப் பாடகர்களோடு மறுபடி தொடங்கிவிட்டார். 1733இல் அவருக்குப் போட்டியாகப் பிரபுக்களின் ஓபரா என்று இரண்டாவது குழுவும் வந்தது. அதற்கு அடுத்த வருடம் பேர்போன காஸ்ட்ராட்டோ ஃபாரினெல்லியையே கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தப் போட்டியில் ஹேமார்க்கெட் அரங்கை இழந்துதான் ஹாண்டெல் கோவன்ட் கார்டனுக்கு வந்தார். 1737இல் இரண்டு குழுக்களும் கடனில் மூழ்கின. இத்தாலிய ஓபராவைக் காயப்படுத்தியது பெரும்பாலும் இன்னொரு இத்தாலிய ஓபராதான்.

கேயும் ஹாண்டெலை எதிரியாக நினைத்ததாகத் தெரியவில்லை. ஹாண்டெலின் 'ஏசிஸ் அண்ட் கலட்டியா'வுக்கு 1718இல் வரிகள் எழுதியவர்களில் முக்கியமானவரே கே.

அவர் குறி வைத்தது வேறு இடத்தில். பீச்சத்தின் முகத்தில் வைல்ட் மட்டுமில்லை, பிரதமர் ராபர்ட் வால்போலும் தெரிந்தார். நாடகத்தில் லஞ்சத்தைப் பற்றி யாராவது பேசினால் அரசவைக்காரன் ஒவ்வொருவனும் 'என்னைத்தான் சொல்கிறான்' என்று துள்ளுவான் என ஒரு பாட்டு வரும். அப்போது அரங்கில் எல்லாரும் வால்போல் பக்கம் திரும்பியதாகவும், அவர் அசராமல் ஒன்ஸ்மோர் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்தச் சிரிப்பு வெகுநாள் நீடிக்கவில்லை. அடுத்த பாகமான 'பாலி'யை 1728 டிசம்பரில் அரசவைத் தணிக்கையாளர் தடை செய்தார். கே அதைச் சந்தா சேர்த்துப் புத்தகமாகப் போட்டு, தடையின் புண்ணியத்தில் நன்றாகச் சம்பாதித்தார். சந்தா சேர்க்க உதவிய குவீன்ஸ்பெரி சீமாட்டி அரண்மனைக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவாயிற்று. 'பாலி' மேடையேற 1777 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஊரே பாலட் ஓபரா எழுதியது. கேயின் நாடகத்தைத் திருப்பி அனுப்பிய ட்ரூரி லேன் நிர்வாகி கோலி சிப்பர், அந்த வயிற்றெரிச்சலிலோ என்னவோ, 1729இல் தானே ஒன்று எழுதினார்; ரசிகர்கள் கூச்சல் போட்டே விரட்டினார்கள். ஹென்றி ஃபீல்டிங் பல எழுதினார். பத்து வருடத்துக்குள் அலுப்புத் தட்டியது. நல்ல மெட்டுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒரே மெட்டு பத்து நாடகத்தில் வந்தால் அதன் பழைய நினைவு தேய்ந்துவிடும். அப்புறம் 1737இல் உரிமச் சட்டம் வந்து, லண்டனில் வசன நாடகத்தை இரண்டே அரங்குகளுக்குள் அடைத்து, ஒவ்வொரு நாடகத்தையும் முன்தணிக்கைக்கு உட்படுத்தியது. ஃபீல்டிங் மேடையை விட்டு நாவலுக்குப் போனார், பிறகு திருடர்களைத் தண்டிக்கும் மாஜிஸ்திரேட்டாகவே ஆனார். அந்த மேடைத் தணிக்கை 1968 வரை நீடித்தது.

பாலட் ஓபராவுக்கு வாழ்வு கிடைத்தது வெளியூரில். அமெரிக்கக் குடியேற்றங்களில் முதலில் மேடையேறியதாகப் பதிவான ஓபரா, 1735இல் சார்ல்ஸ்டனில் நடந்த 'ஃபுளோரா' என்ற பாலட் ஓபராதான். சார்ல்ஸ் கோஃபியின் 'த டெவில் டு பே' 1743இல் பெர்லினுக்குப் போய், லைப்ஸிக்கில் புது இசை போட்டுக்கொண்டு, ஜெர்மன் சிங்ஷ்பீல் வகைக்கு வித்திட்டது. பேச்சும் பாட்டும் கலந்த அந்த வகையில்தான் மொட்ஸார்ட் 1791இல் 'மந்திரப் புல்லாங்குழல்' எழுதினார். 1928இல், கேயின் நாடகத்துக்குச் சரியாக 200 வயதானபோது, பெர்லினில் நாடகாசிரியர் பிரெக்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் அதை 'மூன்று பைசா ஓபரா'வாக மாற்றினார்கள். வைல் பழைய மெட்டுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார். பெர்லின்காரனுக்கு அந்த ஆங்கில மெட்டுகளோடு எந்த நினைவும் இல்லையே.

லண்டனில் ஹாண்டெல் 1741இல் தன் கடைசி இத்தாலிய ஓபராவைப் போட்டுவிட்டு ஆங்கில ஆரட்டோரியோவுக்கு, அதாவது வேடமும் நடிப்பும் இல்லாமல் நின்று பாடும் பெரிய இசைப் படைப்புக்கு, முழுசாக மாறினார். அவருக்குப் பாட வந்தவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கை. 1736இல் பாலி வேடம் யாருக்கு என்று ஊரறியச் சண்டை போட்ட கிட்டி கிளைவும் சுசன்னா சிப்பரும் 'மெசையா' பாடினார்கள். 'சாம்சன்' பாடிய ஜான் பியர்ட் பெயர்போன மக்ஹீத்; ரிச்சின் மருமகனாகி, அவருக்குப் பின் கோவன்ட் கார்டனையே நடத்தியவர்.

அந்த அரங்கு 1808இல் எரிந்தது. திரும்பக் கட்டியதற்கு 1847இல் புதுப் பெயர் வைத்தார்கள்: ராயல் இத்தாலியன் ஓபரா. பிரெஞ்சு, ஜெர்மன் ஓபராக்களைக்கூட அங்கே இத்தாலியனில் மொழிபெயர்த்துத்தான் பாடினார்கள். பெயர்ப்பலகையிலிருந்து 'இத்தாலியன்' என்ற சொல் இறங்கியது 1892இல்.